ஐம்பத்தேழு அடி

குறைகுடம் கூத்தாடும் என்பார்கள்.
எங்களுடையது ஆடவில்லை.
பம்ப் இரண்டு முறை இருமியது,
குழாயின் நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டு
அடங்கிவிட்டது.
வாய் நிறைய பேஸ்டுடன்
நான்.

வரைபடத்தில் குழாய்ச் சின்னம் இருந்தது.
ஆட்லெமில், எங்களுக்குப் பின்னால், முக்கால் மைல்.
நேற்று மழையில் அதைக் கடந்தபோது
வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

முக்கால் மைல்தானே, திருப்பு என்றேன்.
சௌந்தி என்னைப் பார்த்த பார்வையில்
அவள் தம்பி தெரிந்தான்.
படகு ஐம்பத்தேழு அடி.
கால்வாய் முப்பது.
பின்னோக்கி ஓட்டினால் மூக்கு சொன்ன பேச்சு கேட்காது.
கேனில் தூக்கிவர என் முட்டி சம்மதிக்காது.
திருப்ப வேண்டுமென்றால்
கரை அகன்று வயிறு வைத்த இடம் ஒன்று வேண்டும்.
அது முன்னால்,
இரண்டு மைலும் மூன்று லாக்கும் தாண்டி.

ஆகவே
பின்னால் போக
முன்னால் போனோம்.

நடக்கிற வேகம். அதுவும் இல்லை,
ஒரு வாத்து எங்களை முந்தி
திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

ஒரு லாக் நிரம்ப லட்சம் லிட்டர் ஆகும்.
மூன்று முறை அது எங்கள் அடியில் பொங்கிற்று,
பழுப்பாக, இலையும் பீர் டப்பாவுமாக.
கதவில் முதுகைச் சாய்த்துத் தள்ளியபடி
சௌந்தி கேட்டாள்: தாகமா இருக்கா?

என்னை விட்டுப் போனது அவள் தம்பி.
அவள் போகவில்லை.
ஏழடி அகல வீட்டில்
எதிரெதிரே வந்தால் ஒருத்தி ஒதுங்கியாக வேண்டும்.
நாத்தனாரும் நானும்
நான்கு வருடமாக ஒதுங்கிக்கொண்டிருக்கிறோம்.
பதினான்கு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்காதீர்கள்
என்று கடிதம் வரும், 'தயவுசெய்து' போட்டு.
கிளம்பச் சொல்லி எனக்கு
இத்தனை மரியாதையாக
யாரும் எழுதியதில்லை.

கழிவறையில் சிவப்பு விளக்கு எரிந்தது.
கேசட் நிரம்பிவிட்டது.
பாட்டுக் கேசட் இல்லை.
அதையும் ஆட்லெமில் கொட்டிக்கொள்ளலாம், இரு என்றாள்.
இருந்தேன்.

வயிறு வைத்த இடத்தில்
படகின் மூக்கைச் சேற்றில் நட்டாள்.
நான் கழியை ஊன்றித் தள்ளினேன்.
காற்று எதிர்ப்பக்கம் தள்ளியது.
பச்சைப் படகில் காத்திருந்த கிளெனிஸ்
கேட்காமலே கயிற்றை வாங்கி
பல்லைக் கடித்து இழுத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது, மெதுவாக.
அடுப்பின் மேல் கிடந்த வெயில் எழுந்தது,
நாற்காலியை, அரிசி டப்பாவை, குடையைத் தடவி
என் கட்டிலில் ஏறி உட்கார்ந்தது.
மாட்டு மந்தை இடது ஜன்னலை விட்டு
வலது ஜன்னலுக்கு வந்தது.
கிழக்குப் பார்த்த வாசல் மேற்கானது.
வாஸ்து பார்ப்பவர் யாராவது உள்ளே இருந்திருந்தால்
மயங்கியிருப்பார்.
நான் கழியோடு நின்று
வீடு சுற்றுவதைப் பார்த்தேன்.
கிளெனிஸ் கத்தினாள்: தள்ளும்மா, தள்ளு.
அவள் சொன்னது ஆங்கிலம்.
எனக்குக் கேட்டது அப்படித்தான்.

மறுபடி மூன்று லாக்.
மறுபடி அந்த வாத்து.

குழாய் வேலை செய்தது,
பென்சில் தடிமனில்.
டாங்க் நிரம்ப ஒன்றரை மணி நேரம்.
ஹோஸின் இணைப்பில் கசிந்ததை
சௌந்தி கட்டைவிரலால் பொத்திக்கொண்டிருந்தாள்,
குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல.
நான் கேசட்டை உருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.
சாவி சுழன்றது, கதவு திறந்தது,
உள்ளே தொட்டியின் மேல் பலகை அறைந்து
ஒரு தாள் ஒட்டியிருந்தது:
பழுது. மன்னிக்கவும். அடுத்த இடம்,
காலையில் நாங்கள் கட்டியிருந்த கரையைத் தாண்டி
ஆறு மைல்.

திரும்பி வந்து அவளிடம் சொல்லவில்லை.
விரல் இன்னும் கசிவின் மேலேயே இருந்தது.
மணி நாலு.
குழாயைத் திறந்து
காலையில் தொடங்கிய பல்லை
முதலில்
தேய்த்து முடித்தேன்.